ஈரம் பார்க்க இறங்கினோம்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க தம்பி. இல்லை இல்லை, ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்த ஓரம்தான் வசதி. இங்கிருந்து பார்த்தால் முன் சீட்டு தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டோடு, ஒரு தோளைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறானே, அவன் என் மச்சினன் ஞானசிகாமணி. என் வீட்டுக்காரி தங்கபுஷ்பத்தின் தம்பி. பாளையங்கோட்டை டாக்டரிடம் அவன் விலா எலும்பைக் காட்டப் போகிறோம். அவன் பக்கத்தில் இடம் இருந்தும் இங்கே ஏன் வந்தேன் என்று பார்க்கிறீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வாயைத் திறக்க முடியாது. பாளையங்கோட்டை வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் வந்தால் எனக்கும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

குரலைத் தாழ்த்தியே பேசுகிறேன். அவனுக்குக் காது ரொம்பக் கூர்மை.

என் பெயர் வேதமாணிக்கம். தேரிக்காட்டு ஓரத்தில் ஊர். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, பஸ்ஸே பாதி நாள் அதை மறந்துவிட்டுப் போகும். எங்கே தொட்டாலும் செக்கச்செவேல் என்று மணல். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். சொல்லி முடித்து 'ஸ்தோத்திரம்' என்றால், சபையே 'ஸ்தோத்திரம்' என்று திருப்பிச் சொல்லும். மற்றவர்கள் என்ன சொல்லுவார்கள்? காய்ச்சல் விட்டது, மாடு தேறிவிட்டது, மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பனங்காட்டில் நல்ல பாம்பு ஒன்று என் காலைத் தாண்டிப் போனது, கடிக்கவில்லை, ஸ்தோத்திரம். அவ்வளவுதான் என் முதல் சாட்சி. சொல்லும்போதே முன் வரிசையில் ஒரு அம்மாள் கொட்டாவி விட்டாள். பாம்பு கடிக்காமல் விட்டதற்குக் கொட்டாவியா? ஆண்டவர் செய்த காரியத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அடுத்த தடவை பாம்பு படம் எடுத்தது. அதற்கடுத்த தடவை நான் ஒரு ஜெபம் சொன்னேன், அது படத்தைத் தாழ்த்தியது. போன கிறிஸ்துமஸுக்கு அது பனைமர உயரத்துக்கு எழுந்து நின்றது, மேலே பதநீர் இறக்கிக்கொண்டிருந்த ஆள் அதன் முகத்துக்கு நேராகப் பார்த்துக் கலயத்தைக் கீழே போட்டான். நான் பாம்பை வளர்க்கவில்லை தம்பி. அது தானாக வளர்ந்தது. நன்றியோடு சொன்னால் எதுவும் வளரத்தான் செய்யும்.

சின்னப் பிள்ளைகள் என் சாட்சிக்காகவே சர்ச்சுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். முன் சீட்டில் இருக்கிற இவன் ஒருத்தனைத் தவிர.

இவன் இருமுவான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பாம்பு எந்த இடத்தில் உயருகிறதோ சரியாக அந்த இடத்தில் ஒரு இருமல். பனைமரம் என்றேன், இரண்டு இருமல். அப்புறம் அப்புறம் பிள்ளைகளும் நான் சொல்லச் சொல்ல அவனைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. வெளியே வந்து கேட்டால் 'தொண்டையில தூசி அத்தான்' என்பான். சர்ச்சுக்குள் எங்கேயிருந்து தூசி வந்தது? தங்கபுஷ்பம் சனிக்கிழமை தோறும் பெருக்குகிறாள்.

இந்த இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரே மகள். எப்சிபா என்று பெயர், எப்சி என்று கூப்பிடுவோம். என்னைக் கண்டால் 'மாமா' என்று ஓடி வருவாள். நர்ஸ் படிப்பில் சேர்ந்து இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். கடைசி அன்றைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள், இவன் அதைத் தேடி ஊர் ஊராக ஓடினான். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். இவன் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார்கள். எழுந்து நின்று நான்தான் பேசினேன். கடைசி நேரத்தில் கூட இருந்தவன் நான்தானே. இரண்டு தேவதூதர்கள் வந்தார்கள் என்றேன். தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். ஆஸ்பத்திரி ஃபேனில் சிறகு பட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் குனிந்து நின்றார்கள் என்றேன். வீடே அழுதது. பெற்ற தகப்பனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? நானே அவன் தோளில் கை போட்டு, 'ஸ்தோத்திரம் சொல்லு மாப்ளே, மனசு லேசாகும்' என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு தடவை இருமினான். எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் வருஷக்கணக்காக அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருவான். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பான். பாடமாட்டான். சபையே ஸ்தோத்திரம் சொல்லும்போது உதட்டை ஒட்டிக்கொண்டிருப்பான். நன்றி கெட்டவன் என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். நான் சொன்னேனா என்று கேட்காதீங்க.

சரி, கிணற்றுக்கு வருகிறேன்.

இந்த வருஷம் கோடை எப்படி என்று உங்களுக்கே தெரியும். சர்ச்சு வளாகத்துக் கிணறு வற்றிவிட்டது. உறைக்கிணறு, சிமெண்ட் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கியது. மணல் பூமியில் வேறு மாதிரி கிணறு நிற்காது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீருக்காக உபவாச ஜெபம் வைத்தோம். ஆழப்படுத்த ஆள் விட்டோம். மண்தான் வந்தது. சபைக்கே முகம் வாடிவிட்டது. ஐயருக்கும்தான். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த வாட்டத்தை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, 'கிணற்றில் ஈரம் கண்டேன், தண்ணீர் வரப்போகிறது, ஸ்தோத்திரம்' என்றேன்.

சபை ஸ்தோத்திரம் சொன்ன சத்தத்தில் ஓடு அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் இருமல் கேட்டது.

பொய் என்று நினைக்காதீங்க. எட்டிப் பார்த்தேன், ஈரம் இருந்தது. சரி, ஈரம் மாதிரி இருந்தது. மேலே இருந்து பார்த்தால் நிழலும் ஈரமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இவன் கிணற்றடியில் நின்றான்.

'அத்தான், ஈரம் எங்கன இருக்கு?'

'அடியில.'

'அடியிலன்னா?'

'அடியிலன்னா அடியிலதான். கிணத்துக்கு உச்சியிலயா ஈரம் இருக்கும்?'

'எறங்கிக் காட்டுங்க.'

'எனக்கென்னவே பயம்? நீ கூட வருதியா?'

'வருதேன்.'

பாருங்க, எழுபதை நெருங்குகிற ஒருத்தன், அறுபதைத் தாண்டிய ஒருத்தன். இரண்டு பேரில் ஒருத்தனாவது 'சரி விடு' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி இறக்கியிருந்தார்கள், அதைப் பிடித்து இறங்கிவிட்டோம். அடியில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் சண்டை வரும். நாங்கள் இரண்டு பேரே அதற்குப் போதும்.

என் இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. வெயில் நேரம், தாகத்துக்கு. மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. நான் குனிந்து மணலைத் தொட்டபோது கொஞ்சம் கொட்டிவிட்டது. வேண்டுமென்றா செய்வேன்? 'இந்தா, தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு' என்றேன். அவன் தொட்டுப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான். ஆட்கள் விட்டுப்போயிருந்த கடப்பாரையை எடுத்தான்.

'ஈரம் இருக்குன்னா தோண்டிப் பாப்போம் அத்தான்.'

மண்டியிட்டு, கடைசி உறையின் ஓரத்தில் ஒரு குத்து. எனக்குக் கோபம் வந்தது. 'என்னை நம்பாதவன் ஆண்டவரையும் நம்பமாட்டான்' என்றேன். இன்னும் ஓங்கி ஒரு குத்து. மூன்றாவது குத்தில் கடப்பாரை பாதிவரை சரக்கென்று இறங்கியது. அதற்கு மேல் உறையில் டப்பென்று ஒரு சத்தம். உறை உடைந்து ஒரு பக்கம் சரிந்து, வாசற்கதவு திறந்ததுபோல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தேரி மணல் ஊற்ற ஆரம்பித்தது.

மணல் விழுந்தால் சத்தமே இருக்காது தம்பி. தவிடு கொட்டுகிற மாதிரி ஒரு உஸ்ஸ். மண்டியிட்டிருந்தவன் எழுந்திருப்பதற்குள் இடுப்பு வரை மூடிவிட்டது, அப்புறம் நெஞ்சு வரை. கடப்பாரை அவன் விலாவுக்கும் உறைக்கும் நடுவில் நெம்பிக்கொண்டு நின்றது. ஏணி முறிந்து குறுக்கே கிடந்தது. நான் பின்னால் சாய்ந்து விழுந்தேன், விழுந்த இடம் அந்த ஓட்டை. என் முதுகு போய் அதில் அடைத்துக்கொண்டது. மணல் நின்றது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்தது, அவ்வளவுதான். எழுந்திருக்கலாம் என்று சற்று நகர்ந்தேன், உஸ்ஸ் என்று அவன் கழுத்தை நோக்கி ஓடியது. திரும்பச் சாய்ந்துகொண்டேன். அப்புறம் நான் நகரவே இல்லை. புதுச் சட்டை வேறு, முதுகுப் பக்கம் நைந்து நூலாய்ப் போய்விட்டது. தங்கபுஷ்பம் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு கத்துக்கு இரண்டு கை மணல் விழுந்தது. என் குரல் அடுத்த ஊர் வரை போகும் தம்பி, சபையில் எனக்கு மைக்கே கொடுக்கமாட்டார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேச வேண்டிய நிலைமை. மேலே வட்டமாக ஆகாசம், ஒரு தட்டு அளவுக்கு. ஆட்கள் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள். அதுவரைக்கும் இவன் தாங்க வேண்டும்.

அவன் கண்ணை மூடினான்.

'ஏ மாப்ளே. கண்ணைத் தொற.'

'ம்.'

'தூங்கிராத. நான் சாட்சி சொல்லுதேன், கேளு.'

சிரிக்காதீங்க. வேறு எனக்கு என்ன தெரியும்? பாம்பை எடுத்தேன். 'பனைமர உயரத்துக்கு ஒரு நல்ல பாம்பு' என்றேன். அவன் இருமினான். இருமின அதிர்ச்சியில் என் காதோரம் மணல் பொலபொலவென்று விழுந்தது. அந்த நிலைமையிலும் என்னை விடவில்லை பாருங்க. 'சரி, ஆள் உயரம்' என்றேன். இருமல். மணல். 'முழங்கால் உயரம் மாப்ளே.' இருமல். அவன் கழுத்துக்குழி வரை மணல் ஏறிவிட்டது. 'படமே எடுக்கல மாப்ளே. காலைத் தாண்டிப் போச்சு. கடிக்கல. அம்புட்டுதான்' என்றேன்.

இருமல் இல்லை. மணலும் விழவில்லை.

டாக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது, நெஞ்சில் மணல் தூசி போயிருந்தது, அதனால்தான் இருமினான் என்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் எங்கள் சபையா?

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். புயலில் எங்கள் வீடு மட்டும் காற்றில் எழும்பித் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்ததே, அந்தச் சாட்சியை வெட்டி வெட்டி, 'ஓடு பறந்திச்சு, சுவரு நின்னுச்சு' என்று ஆக்கினேன். தூத்துக்குடி ரோட்டில் லாரியைக் கையால் தள்ளி நிறுத்தினேனே, அதை 'டிரைவர் பிரேக் போட்டான்' என்று ஆக்கினேன். தங்கபுஷ்பம் என்னைக் கட்டிக்கொள்வதற்காக மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். 'உங்க அக்கா என்னைக் கட்டிக்கிட்டா மாப்ளே' என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவன் ஒரு கண்ணைத் திறந்து, 'அது அவ தப்பு' என்றான். எனக்கு உயிர் வந்தது. கேலி பண்ணுகிறவன் சாகமாட்டான்.

இவ்வளவு காலமாகச் சொன்ன சாட்சிகள் எல்லாம் இப்படி இத்துனூண்டு இத்துனூண்டாகச் சுருங்கிப் போயின. பாம்பு கடிக்கவில்லை. சுவர் நின்றது. லாரி நின்றது. சாப்பாடு கிடைத்தது. நடந்தது நடந்தபடி சொன்னால் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது பாருங்க. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சரக்குத் தீர்ந்துகொண்டே வருகிறது, மேலே இன்னும் ஒரு தலையும் தெரியவில்லை.

அப்போதுதான் அவன் சொன்னான்.

'அத்தான், காலு குளிருது.'

என் முதுகில் இருந்த மணல் எல்லாம் உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது. அந்த வார்த்தையை நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். வேறு ஒரு வாயிலிருந்து. 'சும்மா கெட மாப்ளே, வெயிலு நேரத்துல என்ன குளிரு' என்றேன். 'நெசமா குளிருது அத்தான். தொடை வரைக்கும்' என்றான். நான் கையை மணலுக்குள் நுழைத்தேன். சில்லென்றது.

தண்ணீர் தம்பி. கடப்பாரை போன வழியாக ஊற்றுக் கண் திறந்துவிட்டது. மாசக்கணக்காகச் சாப்பிடாமல் முழங்காலில் நின்று கேட்டோமே, அது வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் மேலே கசிந்து நின்றது. கலங்கல், சிவப்பு, டீத்தண்ணி மாதிரி. அவன் கழுத்துக்குழியில் நின்று, தாடையை நோக்கி ஏற ஆரம்பித்தது. கேட்டதை ஆண்டவர் கொடுத்திருக்கிறார். ஸ்தோத்திரம் சொல்லவா, நிறுத்தும் என்று ஜெபிக்கவா?

'மாப்ளே, ஈரம் இருக்குன்னு சொன்னேன்லா' என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவன் தண்ணீரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். 'எப்சியைச் சொல்லுங்க' என்றான்.

'என்னத்தைச் சொல்ல?'

'நான் இல்லையே அன்னைக்கு. நீங்கதான் இருந்தீங்க.'

'அதான் சொன்னேனே. ரெண்டு தூதர்...'

இருமினான். உதட்டோரம் ரத்தமா, மண்ணா, தெரியவில்லை.

'சரி, ஒரு தூதன்.'

இருமினான். தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. மேலே எங்கேயோ ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். 'எவம்ல ஏணியை எடுத்தது' என்று ஒருத்தன் கேட்டான். நான் கூப்பிட்டிருக்க வேண்டும். இவன் கண் என்மேலேயே இருந்தது.

'தூதர் யாரும் வரல மாப்ளே' என்றேன். 'நான் மட்டுந்தான் இருந்தேன்.'

இருமவில்லை.

'காலு குளிருதுன்னா எப்சி. தேச்சு விட்டேன். பாம்புக் கதை சொல்லுங்க மாமான்னா. சொன்னேன். இந்தத் தடவை எவ்வளவு உயரம்னு கேட்டா. அந்தா, ஃபேன் உயரம்னு சொன்னேன். அப்ப ஃபேன்ல அடிபட்டிருக்குமேன்னா. சிரிச்சா.'

'சிரிச்சாளா?'

'சிரிச்சா மாப்ளே. சிரிச்சுக்கிட்டே சுவரு பக்கம் திரும்பிப் படுத்தா. நான் தூங்குதான்னு நெனச்சேன். கதையை நிறுத்தல. முழுசும் சொல்லி முடிச்சேன்.'

'என்னைக் கேட்டாளா?'

அந்த இடத்தில் எனக்கு எத்தனை பதில் வந்தது தெரியுமா தம்பி? ஒன்றைவிட ஒன்று அழகாக. கல்லையும் கரைக்கிற பதில்கள். ஒன்றையும் எடுக்க முடியவில்லை. தண்ணீர் அவன் கீழ் உதட்டில் நிற்கிறது.

'ஒரு தடவை கேட்டா. அப்பா வந்தாச்சான்னு. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். சரின்னா.'

அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை ஆகாசத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் போனதா, கண்ணிலிருந்து வந்ததா, நான் கவனிக்கவில்லை. எனக்கு முதுகு வேறு எரிந்துகொண்டிருந்தது.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் பத்துத் தலை. அப்புறம் ஒரு பெரிய உறுமல். ரோட்டு வேலைக்கு நின்ற ஜேசிபியை எவனோ புத்திசாலி கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது கிட்டே வர வர எங்கள் கிணறு பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. தலைக்கு மேலே உறைகள் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அந்த உறுமலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. தங்கபுஷ்பம். வண்டிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

'ஏ தம்பி, அணைச்சுட்டு எறங்கு. உள்ள என் தம்பியும் ஒரு பொய்யனும் கெடக்காங்க.'

உறுமல் நின்றது. கிணற்றுக்குள் விழுந்து கிடக்கிற புருஷனை இப்படியா சொல்வாள்? நீங்களே நியாயம் சொல்லுங்க.

கயிறு வந்தது. 'முதல்ல நீங்க கட்டிக்கிட்டு ஏறுங்க அண்ணாச்சி' என்று மேலே கத்தினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும், நான் எழுந்தால் என்ன விழும் என்று. கயிற்றை இழுத்து, சேற்றுக்குள் கையை விட்டு அவன் அக்குளுக்கு அடியில் சுற்றினேன். இழுத்தார்கள். வரவில்லை. அவன் வலியில் பல்லைக் கடித்தான். இன்னும் ஒரு தடவை இழுத்தார்கள். தண்ணீர் அடியிலிருந்து ஊறி ஊறி, இறுகிப் பிடித்திருந்த மணலைக் கூழாக்கிவிட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சேற்றிலிருந்து கிழங்கை உருவுகிற மாதிரி, இடுப்பு வந்தது, தொடை வந்தது, ஒரு செருப்பு மட்டும் வரவில்லை. அவனை மூழ்கடிக்க வந்த தண்ணீர்தான் அவனை விட்டுக் கொடுத்தது. அவன் மேலே போன பிறகு எனக்குக் கயிறு போட்டார்கள். நான் முதுகை எடுத்ததும் மணல் வந்து நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தது. கொஞ்சம் அவசரமாகத்தான் வந்தது.

இப்போது கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. லேசாக உப்புக் கரிக்கும், கழுவ ஆகும், குடிக்க ஆகாது. கேட்கிறவர்களிடம் இளநீர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல்தான் என் வழக்கே இருக்கிறது.

இவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். இவன் வராமல் கிணற்றுச் சாட்சியைச் சொல்லக் கூடாது என்று நான் காத்திருந்தேன். காத்திருந்த நாளெல்லாம் அதைக் கிண்டிக் கிண்டி வைத்தேன், அடிபிடிக்காமல் அல்வா கிண்டுகிற மாதிரி. என்ன சாட்சி தெரியுமா அது? கிணற்றுக்குள் வெளிச்சம் வருகிறது. பாம்பு வருகிறது, அதே பாம்பு, இப்போது உதவி செய்ய வருகிறது. அது வாலைக் கயிறாகக் கொடுக்கிறது. என் ஆயுசுக்கும் அதுதான் பெரிய சாட்சி. இவன் சபைக்குத் திரும்பி வந்த ஞாயிறு, செய்தி பரவி, பக்கத்துச் சபைகளிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜன்னலில் எல்லாம் பிள்ளைகள். ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்து, 'இன்னைக்கு நேரம் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை' என்றார். எனக்கு அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

நான் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். பின்னால் பெஞ்சு கிரீச்சென்றது.

இவன் எழுந்து நின்றான். நெஞ்சில் கட்டு, ஒரு கையால் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. சபை மூச்சைப் பிடித்தது. எத்தனை வருஷம். எல்லாருக்கும் கிணற்றைக் கேட்க வேண்டும். எத்தனை அடி, எவ்வளவு மணல், எப்படிப் பிழைத்தாய்.

இவன் சொன்னான்: 'எங்க எப்சி கடைசியில சிரிச்சாளாம். ஸ்தோத்திரம்.'

உட்கார்ந்துவிட்டான்.

அவ்வளவுதான் தம்பி. கிணறு இல்லை, மணல் இல்லை, தண்ணீர் இல்லை. நான் இல்லை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திருப்பிச் சொல்ல வேண்டிய ஸ்தோத்திரத்தைக்கூடச் சபை மறந்துவிட்டது. தங்கபுஷ்பம் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஐயர் என் பக்கம் திரும்பி, 'வேதமாணிக்கம் அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க' என்றார்.

எழுந்து நின்றேன். எல்லாம் தயாராக இருந்தது. வெளிச்சம் இருந்தது, பாம்பு இருந்தது, வால் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வாயைத் திறந்தேன்.

'ஆமா' என்றேன். 'நான் பாத்தேன்.'

உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கு வரை எனக்கே தெரியவில்லை. அவ்வளவு கூட்டத்தையும் சும்மா அனுப்பிவிட்டோமே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் இவன் பண்ணின வேலை. ஒரே வரியில் என் கிணற்றை மூடிவிட்டுப் போய்விட்டான். சொல்லாமல் போன சாட்சியை நான் எங்கே போய்ச் சொல்வது? பஸ்ஸில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்தேன். தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. கையை எடுத்துவிடுவாளே.